பல்லவி திரும்பும்போது கதை எங்கே நிற்கிறது?

மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நண்பர்கள் சேர்ந்து அப்பாவைப் பற்றி ஒரு பாட்டு செய்திருக்கிறார்கள். நீளம் 4 நிமிடம். பாட்டில் வரும் அப்பாவுக்குப் பினாங்குத் தீவில் ஒரு ஹோட்டலில் ஜாகா வேலை, அதாவது இரவுக் காவல். சாயங்காலம் மோட்டாரோடு ஃபெரி ஏறிப் போவார், விடிந்துதான் வீடு திரும்புவார். பல்லவி இது: "வாசலப் பாத்தே உக்காந்திருக்கேன், வந்துடுறேன்னு சொன்னியே அப்பா." அடுத்த வேலை வீடியோ. வரிகளில் இருப்பதைக் காட்டினால் போதும் என்று குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். குறும்படம் மாதிரி தனியாக ஒரு கதை வேண்டும் என்கிறார்கள் மீதிப் பேர். எது சரி? நடுவில் பாட்டை நிறுத்தி வசனம் வைக்கலாமா? இதுதான் கேள்வி.

தம்பி, கோலாலம்பூரில் பாட்டு வீடியோக்களை எடிட் செய்வதுதான் என் பிழைப்பு. அந்த இடத்திலிருந்து பார்த்தால், உங்கள் குழுவில் இரண்டு பக்கமுமே பல்லவியைப் பற்றி யோசிக்கவில்லை என்று தோன்றுகிறது. பாட்டு சுற்றிச் சுற்றி வரும். கதை முன்னால் போய்க்கொண்டே இருக்கும். ஒரே வரி அதே மெட்டில் மூன்று முறை வரும்போது மூன்று முறையும் ஒரே மாதிரிப் படம் போனால் கதை அங்கேயே நின்றுவிடும். கதை எங்கேயோ ஓடிக்கொண்டிருக்க, வரி மட்டும் பழைய இடத்துக்கே திரும்பினால் பாட்டு பின்னணிச் சத்தமாகிவிடும். ஆகவே வரியைக் காட்டுவதா, கதை சொல்வதா என்று பிரித்துக்கொள்ள வேண்டாம். பல்லவி திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த வரிக்குப் புதுப் பொருள் கிடைக்கிற மாதிரி கதையை அமையுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இது எவ்வளவு பெரிய சிக்கல் என்பதற்கு உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு சாட்சி உண்டு. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' வீடியோ 1983 டிசம்பரில் வந்தது. இயக்கியவர் ஜான் லாண்டிஸ். பாட்டு ஏறக்குறைய 6 நிமிடம், வீடியோ கிட்டத்தட்ட 14 நிமிடம். இசைத்தட்டில் சரணம், பல்லவி, சரணம், பல்லவி என்று வழக்கமாகப் போகிற பாட்டை வீடியோவுக்காகப் பிரித்து மாற்றி அடுக்கினார்கள். ஜோடி தியேட்டரிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது சரணங்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பல்லவி கிடையாது. பிணங்கள் எழுந்து, சூழ்ந்து, ஆட்டம் தொடங்கியதற்குப் பிறகுதான் பல்லவியை விடுகிறார்கள். நடுவிலேயே பல்லவி வந்திருந்தால் அந்த நடை தடைப்பட்டிருக்கும், பயமும் ஏறியிருக்காது. பாட்டையே கலைத்துப் போட அவர்களுக்குப் பணமும் நேரமும் இருந்தன. நமக்கு இரண்டும் இல்லை. இருக்கிற பாட்டை வைத்துக்கொண்டுதான் இதைச் சாதிக்க வேண்டும்.

உங்கள் பாட்டில் அது முடியும். பல்லவியிலேயே அதற்கான வழி இருக்கிறது. முதல் முறை வரும்போது சின்னப் பையன் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான், அப்பா மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போகிறார். வரி சொல்வதும் படம் காட்டுவதும் ஒன்று. முதல் முறைக்கு அப்படித்தான் இருக்க வேண்டும், பார்க்கிறவருக்குப் பிடி கிடைக்க வேண்டுமே. இரண்டாம் முறை பள்ளிப் பரிசளிப்பு விழா. பையன் மேடையேறுகிறான், கூட்டத்தில் ஒரு நாற்காலி காலி. இப்போது அதே வரி புகாராக மாறுகிறது. மூன்றாம் முறை பையன் வளர்ந்துவிட்டான். பையைத் தூக்கிக்கொண்டு கோலாலம்பூர் பஸ் ஏறுகிறான். அடுத்த ஷாட்டில் அதே படிக்கட்டில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். குரல் மகனுடையதுதான், ஆனால் வரி இப்போது அப்பாவுடையது. மெட்டு மாறவில்லை, ஒரு சொல்கூட மாறவில்லை. யார் காத்திருக்கிறார் என்பது மட்டும் மாறிவிட்டது.

இதற்கு ஒரே ஒரு தடை, வரியின் கடைசியில் இருக்கும் 'அப்பா'. அது இருக்கும்வரை வரி மகனை விட்டு நகராது. பல்லவியில் 'சொன்னியே' என்பதோடு நிறுத்திவிட்டு, அப்பாவைச் சரணத்தில் மட்டும் கூப்பிடுங்கள். ஸ்டூடியோவில் இன்னொரு தடவை பல்லவியைப் பாடி எடுக்கக் கொஞ்சம் வெள்ளி செலவாகும். வீடியோவுக்கு வைத்திருக்கும் காசில் முதலில் இதற்கு ஒதுக்குங்கள். படப்பிடிப்பு முடிந்த பிறகு இதைச் சரி செய்ய முடியாது.

கதை நகர்வதற்கு இடம் எங்கே என்று கேட்பீர்கள். இடையிசையில். தமிழ் சினிமாவில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நமக்கு ஊறிப்போன விஷயம். 'சூர்யவம்சம்' படத்தில் 'நட்சத்திர ஜன்னலில்' பாட்டுக்குள் ஒரு குடும்பம் முன்னேறிவிடும். ஒரே பாட்டில் பணக்காரன் ஆகிவிட்டான் என்று இன்றைக்கும் எல்லாரும் கேலி செய்கிறார்கள். எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடு இல்லை. குரல் இருக்கும்போது காது சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும், கண்ணுக்குப் பாதிக் கவனம்தான் மிஞ்சும். குரல் ஓய்ந்து வயலினோ புல்லாங்குழலோ எடுக்கும்போதுதான் கண் முழுசாக விழித்துக்கொள்கிறது. ஆண்டுகள் ஓட வேண்டுமா, ஊர் மாற வேண்டுமா, ஆள் வளர வேண்டுமா, அதற்கு அந்த 20, 30 வினாடிதான் சரியான இடம். நம் இசையமைப்பாளர்களும் இயக்குநர்களும் அதைப் பல காலமாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். உங்கள் பாட்டின் இரண்டாவது இடையிசையில் பையன் வளரட்டும். சரணத்தில் வளர்க்காதீர்கள்.

ஆனால் சினிமாப் பாட்டிலிருந்து எடுக்கக் கூடாத ஒன்றும் உண்டு. இங்கே உள்ளூர்ப் பாட்டுகளில் பாதிக்கு மேல் சறுக்குவது அதில்தான். படத்தில் பாட்டு வரும்போது அந்த இருவரும் யார், ஏன் பிரிந்தார்கள் என்று பார்ப்பவருக்கு ஏற்கனவே தெரியும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து சேர்த்த கதையை வைத்துக்கொண்டு பாட்டு செலவு செய்கிறது. கதாநாயகி ஸ்லோமோஷனில் திரும்பினால் நமக்கு நெஞ்சு கனப்பது அதனால்தான். தனிப்பாட்டுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. யாரென்றே தெரியாத பெண் யாரென்றே தெரியாத பையனைப் பார்த்து 30 வினாடி திரும்பினால், அழகான ஷாட் என்பதோடு முடிந்துவிடும். உங்களிடம் இருப்பது 240 வினாடி. அதற்குள் ஆளை அறிமுகப்படுத்தவும் வேண்டும், அவர் மேல் அக்கறை வரவைக்கவும் வேண்டும். எனவே ஆட்கள் குறைவாக இருக்கட்டும். அப்பா, மகன், அவ்வளவுதான். அம்மா வேண்டுமென்றால் ஒரு கை போதும், சாப்பாட்டு டப்பாவை நீட்டும் கை.

ஒருவர் பாட்டை எடுத்து இன்னொருவர் மறுபடி செய்யும்போது மட்டும் சேமிப்பு கொஞ்சம் கைக்கு வரும். 2006-இல் நம் யோகி பி & நட்சத்ரா 'மடை திறந்து' பாட்டை எடுத்து ராப் செய்தபோது, 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்தில் அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று கேட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாய்ப்புத் தேடும் ஓர் இசைக்கலைஞனின் கனவு அது. இளையராஜாவே அந்தக் காட்சியில் தலை காட்டுவார். மலேசியப் பையன்கள் அதே மெட்டில் தங்களைப் பற்றிப் பேசியபோது பழைய படமும் கேட்பவர் மனதில் கூடவே ஓடியது. நீங்கள் புதுப்பாட்டு செய்கிறீர்கள், அந்த உதவி உங்களுக்குக் கிடையாது.

இனி, வரியில் இருப்பதையே காட்டுவது. அதை மட்டமான வேலை என்று நான் சொல்லமாட்டேன். 'அலைபாயுதே' படத்தில் 'பச்சை நிறமே' பாட்டில் என்ன நிறம் பாடுகிறார்களோ அந்த நிறமே திரையை நிரப்பும். வரிக்கு வரி படம்தான், ஆனாலும் சலிக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பாட்டில் கதை கிடையாது, ஒருவன் நிறங்களில் மயங்கிக் கிடக்கிறான். மயக்கத்துக்கு அது பொருந்துகிறது. உங்கள் பாட்டு மயக்கம் இல்லை, ஏக்கம். ஏக்கம் என்றால் ஏதோ ஒன்று அங்கே இல்லை என்று பொருள். இல்லாத ஒன்றைச் சொல்லும் பாட்டுக்கு, சொல்லும் பொருளையெல்லாம் திரையில் கொண்டுவந்து வைத்தால் ஏக்கம் போய்விடும். 'மழை' என்றதும் மழை, 'ஃபெரி' என்றதும் ஃபெரி என்று நீங்கள் எழுதி அனுப்பிய ஷாட் பட்டியலை இந்தக் கண்ணோடு ஒரு தடவை பாருங்கள்.

வரிக்கும் படத்துக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு வீடியோக்களைப் பார்க்கச் சொல்வேன். 'ஹர்ட்' என்பது 1994-இல் நைன் இஞ்ச் நெயில்ஸ் குழு வெளியிட்ட பாட்டு, எழுதியவர் அப்போது இளைஞர். அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் தன் கடைசிக் காலத்தில் அதைப் பாடினார். மார்க் ரொமானெக் எடுத்த வீடியோவில் கேஷின் நடுங்கும் கைகளும், மூடிக்கிடக்கும் அவருடைய அருங்காட்சியகமும், இளமையில் எடுத்த படத்துண்டுகளும் வருகின்றன. மனைவி ஜூன் பின்னால் நின்று பார்க்கிறார். 2003-இல் சில மாத இடைவெளியில் இருவரும் இறந்துபோனார்கள். வரிகள் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கின்றன. ஓர் இளைஞனின் வலியாக இருந்தது, வாழ்ந்து முடித்தவர் திரும்பிப் பார்ப்பதாக ஆகிவிட்டது. முகம் மாறியது, பாட்டின் பொருளே மாறியது.

இன்னொன்று 2021-இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'. பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடியது. மண்ணில் உழைத்தும் மண் சொந்தமாகாத முன்னோர்களைப் பற்றிய பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த அறிவின் பாட்டி வள்ளியம்மாள் அதில் தோன்றுகிறார். தோட்டம், லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) என்று வளர்ந்த குடும்பங்கள் இங்கே எவ்வளவு இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அதனால் அந்தப் பாட்டு நம்மை விசேஷமாகத் தொட்டது. என்னை மிகவும் பாதித்தது, அந்தப் பாட்டியைக் கூடையோடு கொழுந்து பறிக்க விடாமல் நடுநாயகமாக உட்கார வைத்ததுதான். உழைப்பை வரி சொல்லிவிடுகிறது. மரியாதையைப் படம் செய்கிறது. ஒன்று சொன்னதை மற்றது திரும்பச் சொல்லவில்லை.

உங்கள் வீடியோவிலும் அப்பா வேலை செய்வதைக் காட்ட வேண்டியதில்லை. ஹோட்டல் வாசலில் விறைப்பாக நிற்பது, சலாம் போடுவது, கொட்டாவி விடுவது எல்லாம் வரியிலேயே வந்துவிட்டன. அதற்குப் பதில் விடிகாலையில் வீட்டுக்கு வந்த பிறகு அவர் என்ன செய்கிறார்? சீருடையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார், பள்ளிக்குக் கிளம்பும் மகனின் சப்பாத்து நாடாவைக் கட்டிவிடுகிறார், கட்டும்போதே கண் சொக்குகிறது. இது பாட்டில் எங்கும் இல்லை. அதனால்தான் படத்தில் இருக்க வேண்டும்.

பாடகர் எங்கே நிற்பது என்பதும் கதையைச் சேர்ந்ததுதான். பாடுகிறவர் முகம் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயம்தான், அவர் உழைப்பு அது. ஆனால் குரலும் உடம்பும் ஒரே ஆளாக இருந்தே தீர வேண்டும் என்று விதியில்லை. பினாங்கில் பிறந்த மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லி 1948-இல் தன் முதல் படமான 'சிந்தா'வில் வில்லனாக நடித்துக்கொண்டே கதாநாயகனுக்குப் பின்னணி பாடினார். இயக்குநர் எல். கிருஷ்ணன் 1950-இல் 'பக்தி' படத்தில் அவரைக் கதாநாயகன் ஆக்கிய பிறகுதான் அந்தக் குரலும் முகமும் ஒன்றாயின. உங்கள் பாடகர் வளர்ந்த மகனாக நடிக்கலாம். அப்படியானால் பல்லவி மூன்றாம் முறை வரும்வரை அவர் வாயசைக்கக் கூடாது. சின்னப் பையன் வரும் காட்சிகளுக்கு நடுநடுவே அவரைக் கடற்கரையில் நிற்க வைத்துப் பாடவிட்டால், பையன் வளர்வான் என்ற செய்தி முதல் நிமிடத்திலேயே கசிந்துவிடும். மூன்றாம் பல்லவியில் பஸ் ஜன்னலோரம் அவர் முதன்முதலாக வாய் திறக்கட்டும்.

இடங்களைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். ஃபெரியில் படம் பிடிக்கப் போகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். பையனின் சிறு வயது என்றால் 15, 20 வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது ஓடியவை கார்களையும் ஏற்றிக்கொண்ட பழைய பெரிய ஃபெரிகள். அவற்றில் கார் ஏற்றுவது 2020-ஆம் ஆண்டு முடிவோடு நின்றுவிட்டது. 2023 ஆகஸ்டில் வந்த புது ஃபெரிகள் சின்னவை, ஆட்களும் இரு சக்கர வண்டிகளும் மட்டுமே ஏறும். பினாங்குக்காரர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதோடு கதையை விட்டுவிட்டுப் படகைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். படகே வேண்டாம். விடிகாலை இருட்டில் மோட்டார் விளக்கு ஒன்று சந்துக்குள் வருவது போதும். ஃபெரி வரியிலேயே இருக்கட்டும், கேட்பவர் தனக்குத் தெரிந்த ஃபெரியை மனதில் ஓட்டிக்கொள்வார்.

ஆர்மேனியன் தெரு ஓவியங்கள், பாலத்தின் மேல் ட்ரோன், இரட்டைக் கோபுரம், பத்துமலைப் படிக்கட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அழகான இடங்கள்தான். ஆனால் அவை ஊரை அறிமுகப்படுத்துகின்றன, உங்களுக்கு ஊர் அறிமுகம் தேவையில்லை. தைப்பூசத்தில் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அப்பாவும் மகனும் போகிற காட்சி ஒன்று உங்கள் பட்டியலில் இருந்தது. அது மட்டும் எனக்குப் பிடித்தது, காரணம் அன்றைக்கு ஒருநாள்தான் அப்பா பகலில் விழித்திருக்கிறார். அந்தக் காரணத்துக்காகவே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தையும் தேரையும் எடுக்காமல் தோளில் உட்கார்ந்திருக்கும் பையனின் காலை எடுங்கள்.

எடிட்டிங் பற்றிச் சுருக்கமாக. உங்கள் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 80 பீட். நாலு பீட் கொண்ட ஒரு சுற்று 3 வினாடி. ஆக 4 நிமிடத்தில் 80 சுற்று இருக்கிறது. பீட்டுக்கு ஒரு கட் போட்டால் கண் ஒரு நிமிடத்தில் சலித்துவிடும், கதைக்கு ஒரு முகத்தையும் நின்று பார்க்க முடியாது. அப்பா கண் சொக்கும் ஷாட்டுக்கு இரண்டு சுற்று, முழுசாக 6 வினாடி கொடுங்கள். இன்னொன்று, மூன்றாம் பல்லவியில் படிக்கட்டில் அப்பா உட்கார்ந்திருக்கும் ஷாட் எப்போது வர வேண்டும்? 'வாசலப் பாத்தே' என்ற சொல் வருவதற்கு அரை வினாடி முன்னால். படம் முதலில் வந்து சொல் பிறகு வந்தால், சொல் அந்தப் படத்தின் மேல் வந்து விழும், புதுப் பொருள் பிறக்கும். சொல் முதலில் வந்து படம் பின்னால் வந்தால், சொன்னதைக் காட்டியது மாதிரி ஆகிவிடும். அரை வினாடிதான், ஆனால் நீங்கள் செய்கிற அத்தனையும் அதில்தான் தொங்குகிறது.

பஸ் ஜன்னலோரக் காட்சியை ஸ்லோமோஷனில் வாயசைப்போடு எடுக்க நினைத்தால், கேமராவை வினாடிக்கு 50 ஃப்ரேமில் வைத்து, பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு அதற்கு வாயசைக்கச் சொல்லுங்கள். 25 ஃப்ரேமில் பாதி வேகத்துக்குக் கொண்டு வந்தால் உதடு பாட்டோடு சேர்ந்துவிடும், ஜன்னலுக்கு வெளியே மரங்கள் மட்டும் மெதுவாக நகரும். பாடகர் வேகப் பாட்டுக்கு வீட்டில் நன்றாகப் பழகிக்கொண்டு வரட்டும், இல்லாவிட்டால் ஸ்பாட்டில் அரை நாள் போய்விடும்.

கடைசியாக வசனம். நடுவில் பாட்டை நிறுத்த வேண்டாம். பாட்டு நிற்கும்போது கேட்பவருக்குள் ஓடிக்கொண்டிருக்கும் மெட்டும் அறுந்துபோகும், திரும்பக் கட்டுவதற்கு உங்களிடம் நேரமில்லை. 'த்ரில்லர்' அதைச் செய்ததே என்றால், அதற்கு 14 நிமிடம் இருந்தது. உங்களுக்கு வேண்டிய வசனம் ஒன்றுதான்: பாட்டு தொடங்குவதற்கு முன், அப்பா மோட்டாரை ஸ்டார்ட் செய்துகொண்டே "வந்துடுறேன்டா" என்று சொல்வது. அதை அவர் வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டால் பல்லவியில் 'சொன்னியே' என்று வரும்போது யார், எப்போது, எங்கே சொன்னார் என்பதற்கு விளக்கமே தேவைப்படாது. 15 வினாடிக்கு மேல் போகாமல் அதைப் பாட்டுக்கு வெளியே தனித்துண்டாக எடிட் செய்து வையுங்கள். யூடியூபுக்கு அதோடு சேர்த்துப் போடலாம். தொலைக்காட்சிக்கு அனுப்பும்போது அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிட்டால் பாட்டு பழையபடி 4 நிமிடத்தில் நிற்கும்.